வாழைக்காய் ஏன் கறுக்கிறது? தாத்தாவின் கை ஏன் நடுங்குகிறது?

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆரிய கவுடா சாலையில் இருந்து பிரியும் ஒரு சந்து. காலை 6 மணி. மாம்பலம் ரெயில் நிலையத்தில் மின்சார ரெயில் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. கூடத்தில் சாய்வு நாற்காலியில் தாத்தா உட்கார்ந்து இருக்கிறார். மடியில் பத்திரிகை. வலது கை மடியின் மேல் சும்மா கிடக்கிறது.

ஆனால், விரல்கள் சும்மா இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடு ஒன்று உரசிக் கொண்டே இருக்கின்றன. ஜபமாலை உருட்டுவது போல!

"தாத்தா எப்போது பார்த்தாலும் ஜபம் செய்கிறார்" என்று பேரன் சிரிக்கிறான்.

பாட்டிக்கு வேறு குறை. "காப்பியில் மணமே இல்லையே, பொடியை மாற்றி விட்டாயா?" என்று இரண்டு மூன்று வருடமாகவே தாத்தா சண்டை பிடிக்கிறார். பொடி மாறவில்லை. கடையும் மாறவில்லை.

மருமகளுக்கு இன்னொரு கவலை. "மாமாவின் கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்து விட்டது. வங்கியில் கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்."

மகனுக்குக் கோபம். "சட்டைக்குப் பொத்தான் போட இத்தனை நேரமா?"

எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான். "வயசாகி விட்டது!"

இந்த வீடு ஒரு கற்பனை. ஆனால், இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் எல்லாம் வயதின் மேல் பழி போடுகிறார்கள். வயது மட்டும் காரணம் அல்ல. தாத்தாவின் மூளையில், ஒரு சின்னஞ் சிறிய இடத்தில், நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக் கொண்டு இருக்கின்றன.

அவை ஏன் சாகின்றன? பதிலின் ஒரு துண்டு, அதே வீட்டின் சமையல் அறையில் இருக்கிறது.

அரிவாள்மணைப் பாடம்

பாட்டி வாழைக்காய் நறுக்குகிறார். நறுக்கிய துண்டுகளை உடனே தண்ணீரில் போடுகிறார். ஏன்? வெளியே வைத்தால் கறுத்து விடும்.

ஏன் கறுக்கிறது? காற்றில் உள்ள பிராணவாயு பட்டதால். பிராணவாயு இரும்பில் பட்டால் துரு. வாழைக்காயில் பட்டால் கறுப்பு. இரண்டும் ஒரே வகை வேலைதான்.

வாழைக்காயில் பிராணவாயு எந்தப் பொருளைப் பிடித்துக் கறுப்பாக்குகிறது தெரியுமா? அதன் பெயர் டோபமின்.

இந்த டோபமின்தான் மனித மூளையிலும் இருக்கிறது! கையும் காலும் நினைத்தபடி அசைய வேண்டும் என்றால், மூளையில் டோபமின் சுரக்க வேண்டும். அது குறைந்தால் கை நடுங்கும். கால் தயங்கும். உடம்பு விறைக்கும். முகம் பொம்மை போல ஆகி விடும்.

இதற்கு நடுக்குவாதம் என்று பெயர். கம்பவாதம் என்றும் சொல்வார்கள். டாக்டர்கள் இதைப் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். 6 நோயாளிகளைப் பற்றி அதில் சொல்லி இருந்தார். அவர்களில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அல்ல. தெருவில் நடந்து போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள்!

கறுப்பு இருந்தால் நல்லது!

நடு மூளையில், இரண்டு பக்கமும், மை தடவியது போல ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. டோபமினைத் தயாரிக்கும் அணுக்கள் அங்கேதான் குடி இருக்கின்றன.

இந்தக் கறுப்பு எங்கே இருந்து வந்தது? வாழைக்காய்க் கதைதான். அணுவுக்குள் டோபமின் சிறு சிறு பைகளில் பத்திரமாக வைக்கப்பட்டு இருக்கிறது. பைக்கு வெளியே சிந்திய டோபமினைப் பிராணவாயு பிடிக்கிறது. அது கறுத்துப் போகிறது. அணு அந்தக் கறுப்பை ஓர் ஓரமாகச் சேர்த்து, பூட்டி வைக்கிறது. நம் எல்லோருடைய தலையிலும் இது உண்டு. இதனால் உடனே ஆபத்து இல்லை.

ஆபத்து எப்போது? அந்தப் பட்டை வெளுக்கும்போது! வெளுத்தால், அணுக்கள் செத்து விட்டன என்று பொருள். நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, அந்தக் கறுப்புப் பட்டை வெளுத்துக் கிடந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. பட்டையில் ஏறத்தாழ பாதி அணுக்கள் செத்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்குகிறது. அதுவரை மீதி அணுக்கள் சத்தம் போடாமல் சேர்த்து உழைத்து, குறையை மறைத்து விடுகின்றன.

ஆனால், சில அடையாளங்கள் முன்பே தெரியலாம். மணம் தெரியாமல் போவது அவற்றில் ஒன்று. பல வருடங்களுக்கு முன்பே அது வரலாம். காப்பிப் பொடியின் மேல் போட்ட பழி வீண் பழி!

அடுப்பும் தீப்பொறியும்

பிராணவாயு இல்லாமல் உயிர் இல்லை. அப்படி இருக்க, அது எப்படி எதிரி ஆகும்?

உடம்பில் உள்ள பெரும்பாலான அணுக்களுக்குள் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். நாம் சாப்பிட்ட சோறு அங்கேதான் எரிகிறது. எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அந்த எரிப்பில்தான் நமக்குச் சக்தி கிடைக்கிறது.

அடுப்பு எரிந்தால் தீப்பொறி பறக்கும் அல்லவா? இந்த அடுப்பிலும் பறக்கும். பிராணவாயுவில் ஒரு சிறு பங்கு சரியாக எரியாமல், வெறி பிடித்த துணுக்குகளாக வெளியே வந்து விடுகிறது. எதைக் கண்டாலும் அந்தத் துணுக்குகள் பாய்ந்து கடிக்கும். அணுவின் சுவரில் உள்ள கொழுப்பைக் கெடுக்கும். புரதத்தைக் கெடுக்கும். பரம்பரைக் குறிப்பு எழுதி இருக்கும் மரபு இழையையும் கெடுக்கும்.

இதைத் தடுக்க அணுவுக்குள் காவல்காரர்கள் உண்டு. முக்கியமான காவல்காரர், குளூட்டதயோன் என்ற பொருள். பொறி பறந்தால் அது பாய்ந்து அணைத்து விடும்.

பொறியும் காவலும் சரிக்குச் சரியாக இருக்கும் வரை கவலை இல்லை. பொறி கூடினாலோ, காவல் குறைந்தாலோ தராசு சாய்கிறது. இதையே விஞ்ஞானிகள் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று சொல்கிறார்கள். தராசு சாய்ந்த நிலை நீடித்தால், அணு தன் கதவைத் தானே சாத்திக் கொண்டு செத்து விடுகிறது.

உடம்பின் எடையில் மூளை 100-ல் 2 பங்குதான். ஆனால், நாம் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் 100-ல் 20 பங்கு மூளைக்கே போகிறது! அடுப்பு அதிகம் எரியும் இடத்தில் பொறியும் அதிகம். அதோடு, செத்த நரம்பு அணுவுக்குப் பதிலாகப் புதியதைப் பிறப்பித்துக் கொள்ள மூளையால் பெரும்பாலும் முடியாது.

அந்த இடம் மட்டும் ஏன்?

மூளையில் கோடிக் கணக்கான அணுக்கள் இருக்க, கறுப்புப் பட்டையின் அணுக்கள் மட்டும் ஏன் முந்திச் சாகின்றன? 4 காரணங்கள் சொல்கிறார்கள்.

முதல் காரணம், டோபமினே! பிராணவாயு பட்டால் எளிதில் கெடும் பொருளை அந்த அணுக்கள் மடியில் கட்டிக் கொண்டு இருக்கின்றன.

இரண்டாவது, இரும்பு. பட்டையில் இரும்புச் சத்து அதிகம். நடுக்குவாத நோயாளிகளுக்கு அது இன்னும் அதிகம். கட்டுக்குள் இல்லாத இரும்பு, பொறியைக் கொழுந்தாக்கி விடும்.

மூன்றாவது, ஓயாத உழைப்பு. இந்த அணுக்கள் கடிகாரம் போல, யாரும் தூண்டாமலே இரவு பகலாகத் துடித்துக் கொண்டு இருக்கின்றன. ஓர் அணு தன் கிளைகளைப் பரப்பி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைத் தொடுகிறது என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். ஒரே ஆள் ஓர் ஊருக்கே சமைப்பது போல! அடுப்பு எப்படித் தாங்கும்?

நான்காவது, காவல் குறைவு. நோயாளிகளின் கறுப்புப் பட்டையில் குளூட்டதயோன் குறைந்து கிடந்தது. 1989-ம் ஆண்டில் லண்டன் விஞ்ஞானிகள் இன்னொன்றையும் கண்டார்கள். அங்கே உள்ள அடுப்புகளின் முதல் பகுதியே சரியாக வேலை செய்யவில்லை.

சிலையான இளைஞர்கள்

இது எல்லாம் ஊகமா? அல்ல. அமெரிக்காவில் நடந்த ஒரு விபரீதம், விஞ்ஞானிகளின் கண்ணைத் திறந்து விட்டது.

1982-ம் ஆண்டு. கலிபோர்னியா மாநிலம். போதைப் பழக்கம் உள்ள சில இளைஞர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்களால் பேச முடியவில்லை. அசைய முடியவில்லை. உயிருள்ள சிலைகள்!

டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் அவர்களைச் சோதித்தார். முதியவர்களுக்கு வரும் நடுக்குவாதம், இந்த இளைஞர்களுக்கு ஒரே மூச்சில் வந்து இருந்தது!

அவர்கள் ஊசியில் ஏற்றிக் கொண்ட கள்ளப் போதை மருந்தில், எம்.பி.டி.பி. என்ற விஷம் கலந்து இருந்தது. அந்த விஷம் மூளைக்குள் போய் உருமாறி, கறுப்புப் பட்டையின் அணுக்களுக்குள் நுழைந்து, அடுப்பின் முதல் பகுதியை அடைத்து விட்டது. சக்தி குறைந்தது. பொறி பெருகியது. அணுக்கள் செத்தன.

2000-ம் ஆண்டில் டாக்டர் கிரீனமையர் என்பவரின் குழு, எலிகளுக்கு ரோட்டனோன் என்ற பூச்சி மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தது. அதுவும் அடுப்பை அடைக்கும் விஷம்தான். எலிகளுக்கும் நடுக்குவாத அடையாளங்கள் வந்தன. 2011-ம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ரோட்டனோன் அல்லது பாராகுவாட் மருந்தைக் கையாண்டவர்களிடம் இந்த நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

வயலில் மருந்து தெளிப்பவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளிக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

பருப்பில் ஒரு விஷம்

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உறவுக்காரக் கதை உண்டு. அது கேசரிப் பருப்பின் கதை.

மழை பொய்த்தாலும் விளையும் பருப்பு இது. மத்தியப் பிரதேசம், பீகார் பகுதிகளில் ஏழைகள் இதைப் பஞ்ச காலத்தில் மாதக் கணக்கில் சாப்பிட்டார்கள். பலருக்குக் கால்கள் விறைத்து, நடை போயிற்று. 1961-ம் ஆண்டில் இதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. துவரம் பருப்பில் இதைக் கலப்படம் செய்வதும் உண்டு.

இந்தப் பருப்பின் விஷம் நரம்பை எப்படிக் கெடுக்கிறது? பெங்களூரில் உள்ள 'நிம்ஹான்ஸ்' மனநல, நரம்பியல் நிலையத்தில் விஞ்ஞானி விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 1998-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். விஷம் பட்டதும் குளூட்டதயோன் என்ற காவல் குறைகிறது. அடுப்பின் முதல் பகுதியும் கெடுகிறது. நரம்பு அணு சாவது அதற்குப் பிறகுதான்!

கலிபோர்னியாவில் போதை ஊசி. இங்கே பஞ்ச காலத்துப் பருப்பு. நோய் வேறு. சாகும் அணுக்களும் வேறு. ஆனால், சாவின் வழியில் அடுப்பும் பொறியும் இரண்டிலும் வந்து நிற்கின்றன.

சென்னையில் கிடைத்த விதை

நடுக்குவாதத்துக்கு இன்று கொடுக்கும் முக்கியமான மருந்து, லெவோடோபா. இந்த மருந்துக்கும் சென்னைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு.

1937-ம் ஆண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தின் உயிர் வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விதையை ஆராய்ந்தார்கள். வேலியில் படரும் பூனைக்காலியின் விதை அது. சுணை பட்டால் அரிப்பெடுக்குமே, அதே பூனைக்காலிதான்! அதில் இருந்து லெவோடோபாவைப் பிரித்து எடுத்தார்கள். நம் வைத்தியர்கள் இந்த விதையை நெடுங் காலமாக மருந்தில் சேர்த்து வந்தவர்கள்.

ஆனால், அந்தப் பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிய 20 வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

அதைத் தெரிய வைத்ததிலும் நம் நாட்டு மூலிகைக்குப் பங்கு உண்டு! சர்ப்பகந்தா வேரில் இருந்து எடுத்த ரெசர்பின் மருந்தை, 1957-ம் ஆண்டில் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவைக் கொடுத்தார். முயல்கள் எழுந்து ஓடின!

1960-ம் ஆண்டில் வியன்னாவில், நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்து இருப்பதை ஹார்னிக்கிவிச் என்பவர் கண்டார். 1967-ம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ், அதிக அளவில் டோபா கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். 2000-ம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"டோபமின்தானே குறைகிறது? வாழைக்காயில்தான் டோபமின் இருக்கிறதே, சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. டோபமினை மூளையின் வாசற் காவல் உள்ளே விடாது. லெவோடோபாவை மட்டும் விடும். உள்ளே போன பிறகு அது டோபமினாக மாறிக் கொள்ளும்.

பூனைக்காலி விதையைத் தாமே வாங்கிப் பொடி செய்து சாப்பிடுவதும் ஆபத்து. அதில் மருந்து எவ்வளவு என்ற அளவு தெரியாது. ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் விபரீதம் ஆகலாம்.

மாத்திரை செய்யாத வேலை

லெவோடோபா நடுக்கத்தைக் குறைக்கும். விறைப்பைத் தளர்த்தும். ஆனால், அணுக்கள் சாவதை அது நிறுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. வற்றும் கிணற்றில் லாரித் தண்ணீரை ஊற்றுவது போன்ற வேலை அது.

"அப்படியானால், பொறியை அணைக்கும் மருந்தைக் கொடுத்தால் என்ன?" இந்தக் கேள்வி டாக்டர்களுக்கும் வந்தது. கொடுத்தும் பார்த்தார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. வைட்டமின் 'ஈ' மிக அதிக அளவில் கொடுக்கப்பட்டது. 1993-ம் ஆண்டில் முடிவு வந்தது. பலன் இல்லை! 'கோ-என்சைம் கியூ 10' என்ற பொருளை 600 பேரிடம் சோதித்தார்கள். 2014-ம் ஆண்டில் அதற்கும் அதே முடிவு. பலன் இல்லை!

ஏன் பலிக்கவில்லை? நோய் தெரியும்போது பாதி அணுக்கள் போய் விடுகின்றன. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டினால் என்ன பயன்? பொறி பறக்கும் இடமோ அணுவுக்குள், அடுப்புக்குள். விழுங்கிய மாத்திரை அங்கே போதிய அளவு போய்ச் சேருவதும் கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. பொறி மட்டுமே குற்றவாளி அல்ல. ஆல்பா சினுக்ளின் என்ற புரதம் கெட்டு, அணுவுக்குள் கட்டி கட்டியாகச் சேருகிறது. பழுதான அடுப்பை அப்புறப்படுத்தும் துப்புரவு வேலையும் சிலருக்குக் கெட்டுப் போகிறது. பொறி புரதத்தைக் கெடுக்கிறது. கெட்ட புரதம் அடுப்பைக் கெடுக்கிறது. கெட்ட அடுப்பு இன்னும் பொறியைக் கக்குகிறது. இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது? விஞ்ஞானிகள் இன்றும் தேடிக் கொண்டு இருக்கிறார்கள்.

ஆகையால், "நரம்பைக் காக்கும்", "மூளைத் துருவை நீக்கும்" என்று விளம்பரம் செய்து விற்கும் டப்பாக்களுக்குப் பென்ஷன் பணத்தைக் கொட்டாதீர்கள். காயும் கீரையும் பழமும் சாப்பிடுவது உடம்புக்கு நல்லது. அது வேறு விஷயம்.

வீட்டார் என்ன செய்யலாம்?

முதலில், டாக்டரிடம் போக வேண்டும். கை நடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பது இல்லை. தைராய்டு கோளாறாலும் நடுங்கலாம். சில மருந்துகளாலும் நடுங்கலாம். நடுக்கமே இல்லாமல் நடுக்குவாதம் வருவதும் உண்டு. நரம்பியல் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் நரம்பியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மாத்திரையை மணி தவறாமல் கொடுக்க வேண்டும். பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவு, லெவோடோபா மாத்திரையோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பாகக் கொடுப்பது என்று டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

தினமும் நடக்கச் சொல்லுங்கள். உடற்பயிற்சி நடையையும் உடம்பின் நிதானத்தையும் சீராக்குகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டி இருக்கின்றன. நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக் கொண்டது போல நின்று விட்டால், பிடித்து இழுக்காதீர்கள். "ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு" என்று தாளம் போடுங்கள். தாளம் கேட்டால் பலருக்குக் கால் எழும்புகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படுத்தாதீர்கள். மெதுவாகப் பொத்தான் போடுவது சோம்பல் அல்ல. சிரிக்காத முகம் கோபம் அல்ல.

நாம் பார்த்த அந்த வீட்டில் இனி என்ன நடக்க வேண்டும்? சாயங்காலம் தாத்தா அயோத்தியா மண்டபத்துக்கு உபன்யாசம் கேட்கப் புறப்படுகிறார். வாசற்படியில் கால் நின்று விடுகிறது. "சீக்கிரம் வாங்க தாத்தா!" என்று பேரன் கத்தக் கூடாது. பக்கத்தில் போய் நின்று, தாளம் போட வேண்டும். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

வாழைக்காயைக் கறுக்காமல் வைக்கப் பாட்டியிடம் ஒரு பாத்திரம் தண்ணீர் இருக்கிறது. மூளையின் அணுக்களை அப்படிக் காக்கும் தண்ணீரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும் வரை, தாத்தாவுக்குக் கொடுக்க வீட்டாரிடம் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, பொறுமை.